பொத்தான் இல்லாத லிஃப்ட்

லிஃப்ட் கிளம்பிய பிறகுதான் அதற்குள் ஒரு பொத்தான்கூட இல்லை என்பதை பஸ் டிரைவர் கவனித்தார்.

"பதினாலாவது மாடிங்க. எதை அமுக்கறது?"

பக்கத்தில் நின்ற டை கட்டிய இளைஞன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "உள்ள ஒண்ணும் கிடையாது சார். வெளியிலயே மாடி நம்பரப் போட்டுட்டுத்தான் ஏறணும். இது நேரா மொட்டமாடித் தோட்டத்துக்குத்தான் போகும்."

"அப்ப நான் டிக்கெட் எடுக்காம ஏறிட்டேன்னு சொல்லுங்க. என் பஸ்ஸுல இப்படி ஏறுனா நாலு வார்த்த கேப்பேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாலு வார்த்தை கேட்பதில்தான் அவர் கெட்டிக்காரர் ஆயிற்றே. அம்மா இறந்த மறுநாள் பெட்டியும் கையுமாக ஓடிவந்த அக்காவை வாசலிலேயே நிறுத்தி, ஊரே கேட்க, "லீவு கெடச்சுதா உனக்கு?" என்றவர் அவர்தான். வந்த காலோடு திரும்பிப் போனவள், பிறகு நம்பரையும் மாற்றிக்கொண்டாள். இன்று அவளுக்கு இந்தத் தலைமை அலுவலகத்தில் கடைசி நாள். வெளிநாட்டுக் கிளைக்கு மாற்றல், இங்கிருந்தே விமான நிலையம். விஷயத்தை மாமாதான் சொன்னார். "அன்னைக்கு அவ்வளவு நீளமா இருந்த நாக்கு, மன்னிப்பு கேக்க மட்டும் சுருங்கிப்போச்சா?" என்று மனைவி காலையில் விரட்டிவிட்டாள்.

கட்டடத்தின் நடு வயிறு தரையிலிருந்து கூரை வரை வெறும் வெளி. கூரைக் கண்ணாடி வழியே கொட்டிய வெயில் மாடி மாடியாக இறங்கியது. சுற்றிலும் வராந்தாக்கள், அவற்றின் முன்னால் கண்ணாடி லிஃப்டுகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. ஒன்பதாவது மாடியைத் தாண்டும்போது எதிரே ஒன்று இறங்கி வந்தது. அதில் பெட்டியோடு அக்கா. தலை நரைத்திருந்தது.

அவளும் பார்த்துவிட்டாள். உதடு அசைந்தது. 'டேய்' என்றா, 'போடா' என்றா, கண்ணாடி சொல்லவில்லை. டிரைவரின் வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. அவர் மேலே போய்க்கொண்டிருந்தார்; அவள் காலடியில் சிறுத்துக்கொண்டே போனாள்.

மேலே தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அம்மாளிடம், "கீழ போகணும்மா, சீக்கிரம்" என்றார். அவள் சுவரில் மாடி எண்ணை அமுக்கிக் கொடுத்தாள். "வரும், நில்லுங்க."

நிற்க முடியவில்லை. ஓரத்துக் கண்ணாடிச் சுவரில் நெற்றி முட்டக் குனிந்து பார்த்தார். வாசலில் டாக்சி. அதன் அருகே அக்கா, நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தபடி. அவர் இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"வெளியிலேர்ந்து பாத்தா இந்தக் கண்ணாடியில ஆள் தெரியாது சார். மேகந்தான் தெரியும்" என்றாள் அந்த அம்மாள்.

அவர் கையை இறக்கவில்லை. கீழே பெட்டியை ஏற்றியாகிவிட்டது. டாக்சியின் பின்கதவு மட்டும் இன்னும் திறந்தே இருந்தது.