வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்

அரசுப் பள்ளியில் ஒரு வாத்தியார் இடம் காலியாகக் கிடந்ததுதான் சத்யப்பிரியாவுக்குச் சோறு போட்டது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து உயர்நிலைப் பள்ளி அது. சிதம்பரத்திலிருந்து டவுன் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதை நம்பி எந்தக் கணக்கு வாத்தியார் மாற்றல் கேட்டு வருவார்? நாலு வருஷமாக யாரும் வரவில்லை. அதனால் உள்ளூர்க்காரியான இவளைத் தற்காலிக ஆசிரியையாக வைத்திருந்தார்கள். பி.எட். படித்தவளுக்குச் சித்தாள் கூலியைவிடக் குறைந்த சம்பளம். ரைஸ் மில்லில் வேலை பார்க்கும் புருஷனுக்கு அறுவடைக் காலத்தில்தான் கையில் காசு. மற்ற மாசங்களில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்.

மே மாசம் தலைமையாசிரியர் தட்சிணாமூர்த்தி கூப்பிட்டனுப்பினார்.

"ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி புள்ளைங்க எண்ணிக்கை எடுப்பாங்கம்மா. கொறஞ்சா அந்தக் காலி எடத்தையே எடுத்துடுவாங்க. எடம் போச்சுன்னா உனக்கும் வேலை இல்ல. நீதான் பாத்து நாலு புள்ளைங்கள சேக்கணும்."

அவர் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்துகொண்டார். இவள் வெயிலில் இறங்கினாள். சொந்த ஊரில் வசதியுள்ள பிள்ளைகளைச் சிதம்பரத்துத் தனியார் பள்ளி வேன் ஏற்கெனவே அள்ளிக்கொண்டு போயிருந்தது. மிச்சமிருந்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊர். அங்கேயும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி உண்டு. போன வருஷம்தான் மாடிக் கட்டடம் திறந்தார்கள். இவள் பள்ளியிலோ வகுப்பறை போதாமல் ஏழாம் வகுப்பு சைக்கிள் கொட்டகையில் நடந்தது. கட்டடம் எங்கே வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்டா கட்டுகிறார்கள்!

நடவு வயலிலிருந்து கரையேறிய கொளஞ்சியிடம் போய் நின்றாள். கொளஞ்சியின் மகள் சுவேதா அப்போது ஏழாவதுக்குப் போகவேண்டியவள்.

"அங்கதான் புதுக் கட்டடம் இருக்கே டீச்சர். நீங்க கொட்டாயிலதான ஒக்கார வைக்கிறீங்க?"

"கட்டடமாக்கா கணக்கு சொல்லிக் குடுக்கும்? நான் சொல்லித் தரேன். சுவேதா பத்தாவது முடிக்கிற வரைக்கும் நான் இருக்கேன்."

இருக்கேன் என்று சொல்ல இவளுக்கு என்ன அதிகாரம்? வயிறு சொல்ல வைத்தது. கொளஞ்சி நம்பினாள். அவளைப் பார்த்துத் தெருவே பிள்ளைகளை அனுப்பியது.

ஆகஸ்டில் எண்ணிக்கை தேறி, இடம் தப்பித்தது. தட்சிணாமூர்த்தி போண்டாவும் டீயும் வரவழைத்தார். சத்யப்பிரியா அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்தப் பக்கத்துப் பள்ளியிலும் அதே தேதியில்தான் தலை எண்ணினார்கள் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. அங்கே பிள்ளைகள் குறைந்துபோனார்கள். கணக்கு வாத்தியார் தேவசகாயம் உபரி என்று ஆனார். உபரி ஆசிரியரைப் பக்கத்தில் எங்கே காலியோ அங்கே போடுவார்கள். பக்கத்தில் காலி எங்கே? இவள் வெயிலில் அலைந்து காப்பாற்றிவைத்த இடம்தான். நிரந்தர வாத்தியார் வந்துவிட்டால் தற்காலிக ஆசிரியைக்கு வேலை இல்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதைக் கூடை கூடையாகச் செய்திருந்தாள்.

தேவசகாயம் ஒரு மொபெட்டில் வந்து இறங்கினார். ஓய்வு பெறும் வயது நெருங்கியவர். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அழுதிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எல்லாம் எங்கிட்டப் படிச்ச புள்ளைங்கதாம்மா. அங்க ஃபேன் போட்டு நடத்துனேன். இனிமே அதே புள்ளைங்களுக்கு அதே பாடத்த இந்த வேக்காட்டுல நடத்தணும். நீ சும்மா இருந்திருந்தா..."

சும்மா இருந்திருந்தாலும் இவள் வேலை போயிருக்கும். அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பள்ளி வாசலில் கொளஞ்சி மறித்தாள். "பத்தாவது முடிக்கிற வரைக்கும் இருக்கேன்னியே டீச்சர். பழைய சாரே வர்றதுக்கு எம்புள்ள எதுக்கு வாய்க்காலத் தாண்டி வரணும்?"



ஒரு வாரம் கழித்துச் சிதம்பரத்துத் தனியார் பள்ளியிலிருந்து போன் வந்தது. வேன் விட்டுப் பிள்ளைகளை அள்ளும் அதே பள்ளி. தாளாளர் ராமாமிர்தம் அவள் நேரில் போய் நீட்டிய சான்றிதழ்களைப் பிரித்தும் பார்க்கவில்லை.

"கணக்கு நடத்த ஆளுங்க ஜாஸ்தியாவே இருக்காங்கம்மா. ஒரே லீவுல ஒரு ஸ்கூலையே காலி பண்ணீங்களாமே? அந்தத் தெருவுக்கு வேன் விடறேன். மொத வருஷம் பாதி ஃபீஸ். எத்தினி புள்ளைங்க கொண்டாருவீங்க?"

எழுந்து போய்விடத்தான் நினைத்தாள். மானமுள்ளவள் எழுந்திருப்பாள். அறுவடைக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கிறது என்று மனசு கணக்குப் போட்டது.

"அங்க கொளஞ்சின்னு ஒரு அக்கா இருக்காங்க சார்," என்றாள் மெதுவாக. "மொதல்ல அவுங்களப் போய்ப் பாக்கறேன்."