எண்பத்து நாலு கட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, புக்கிட் ரம்பாயில் ஒரு ரப்பர் கிடங்கின் எடைமேடை அருகே இருந்தவர்கள்: ஜீப்பின் சொந்தக்காரனான காஜா பேராங் ஊர்க்காரன் கணேசமூர்த்தி, அவன் மனைவி பூங்காவனம், எடைமேடையில் கணக்கெழுதும் கிராணி அப்பாசாமி, ரப்பர் ஷீட்டு ஏற்ற வந்து வெயிலுக்கு ஒதுங்கி நின்ற லாரி டிரைவர் பொன்னுதுரை. ஜீப்புக்குள் யாரும் இல்லை. ஆள் இல்லாத அந்த ஜீப்பு, இருக்க வேண்டிய எடையைவிட எண்பத்து நாலு கட்டி, அதாவது ஐம்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேல், கூடுதலாக இருந்தது.

அது கனமான ஜீப்பு என்பது காஜா பேராங்கில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஐம்பத்தேழில் சுதந்திரம் வந்த அடுத்த மாதம், காவல் வேலைக்கு இனி உதவாது என்று கழித்துவிட்ட வண்டிகளோடு அது ஏலத்துக்கு வந்தது. அப்போதே பின்பக்கத்து இடது மூலை நாலு அங்குலம் தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் சேசிஸ் முறுக்கிக்கொண்டது என்று சொல்லி அடுத்த வண்டிக்குப் போனார்கள். கணேசமூர்த்தி மட்டும் போகவில்லை. ஒரு தோட்டத்துக் காவல் குழுவுக்காக ஆறு வருடம் அதே ஜீப்பை ஓட்டியவன் அவன். அது எந்த மேட்டில் முனகும், எந்தக் கியரில் உதறும் என்று அவனுக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, தரைக்குச் சிமெண்டு பூசி, அதை உள்ளே ஏற்றினான். பட்டறைக்காரன் ஒருவனையும் அதன்மேல் கை வைக்க விடவில்லை.

முதல் வேலையாக இடது ஸ்பிரிங்கைக் கழற்றினான். ஏழு பட்டையில் ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. ஒவ்வொன்றையும் பழுக்கக் காய்ச்சி, அடித்து வளைவு கொடுத்து, திரும்ப மாட்டி, ஜாக்கியை இறக்கினான். ஜீப்பு பெருமூச்சு விடுவதுபோல் இறங்கி, பழைய நாலு அங்குலத்திலேயே நின்றது. உடைத்துப் போட்ட மரலாரி ஒன்றிலிருந்து எட்டாவது பட்டையைக் கொண்டுவந்து சேர்த்தான். நாலு அங்குலம். ஒன்பது, பதினொன்று, பதினாலு என்று ஏற்றிக்கொண்டே போய், ஐம்பத்தொன்பதாம் வருடக் கடைசியில் பதினாறு பட்டையில் நிறுத்தினான். பட்டைகளைச் சுற்றிப் பிடிக்கும் யூ போல்ட்டு எட்டாத அளவுக்குக் கட்டு தடித்துப் போனதால் நீளமான போல்ட்டுகளைத் தானே கடைந்துகொண்டான். பதினாறு பட்டையில் ஒரு சின்ன வீட்டையே நிறுத்தலாம். ஜீப்பு நாலு அங்குலம் தொங்கியது.

மற்ற விஷயங்களில் வண்டி அவன் சொன்னதைக் கேட்டது. ஸ்பிரிங் நுனியில் வரும் ஷேக்கிள் புஷ்களைப் புகை போட்ட ரப்பர் ஷீட்டிலிருந்து அறுத்து அடித்தான். ஆற்றில் இறங்கினாலும் தண்ணீர் ஏறாதபடி சைலன்சரை மேலே திருப்பிக் கூரைக்குப் பக்கத்தில் முடித்தான். பழைய தண்டவாளத்துண்டில் முன் பம்பர் செய்தான். புதிதாகச் சேர்த்த ஒவ்வொரு சாமானையும் மாட்டுவதற்கு முன் தராசில் நிறுத்து, எத்தனை கட்டி என்று கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் எழுதிவைத்தான். எடை தெரியாத எதையும் வண்டியில் ஏற்ற மாட்டேன் என்பது அவன் பெருமை. அந்தப் பெருமைதான் அவனைத் தின்றது.

தொங்கும் மூலையால் அவனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் பாதைகளில் சங்கிலி கட்டிய வண்டிகளே சக்கரம் சுழன்று நிற்கும்போது, இந்த ஜீப்பின் இடது பின்சக்கரம் சேற்றைக் கவ்விப் பிடித்து ஏறியது. துரைமார்கள் அவனைத்தான் கூப்பிட்டு அனுப்பினார்கள். வாடகைக்கு ஓட்ட உரிமம் வேண்டும், உரிமத்துக்கு வெற்று எடையைக் கதவில் எழுத வேண்டும் என்று போக்குவரத்து அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்காகத்தான் அன்று எடைமேடைக்கு வந்தான்.

பூங்காவனத்துக்கு ஜீப்பைப் பற்றிக் கவலை இல்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: தம்பி சுப்பையன் எங்கே. அவசர காலத்தில், காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட எடுத்துப் போகக் கூடாது என்று இருந்தபோது, காய்ச்சலிலிருந்து எழுந்து பசி தாங்காமல் அலைந்த தம்பிக்கு அவள் சோறும் கருவாடும் வாழையிலையில் கட்டி, பால் வாளியின் அடியில் வைத்துக் கொடுத்தாள். அன்று போனவன் வரவில்லை. சோறு பிடிபட்டது, பயந்துபோய்க் காட்டுக்குள் ஓடி அவர்களோடு சேர்ந்துவிட்டான் என்று கணேசமூர்த்தி வந்து சொன்னான். "கட்டிக் குடுத்தது நீதான?" என்று ஒன்பது வருடமாகச் சமயம் கிடைத்தபோதெல்லாம் கேட்டான். மகன் காட்டுக்குப் போனவன் என்பதால் அவள் அம்மாவைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து கிளப்பி முள்வேலிக் கிராமத்தில் போட்டார்கள். அம்மா அங்கேயே, மகனைத் திட்டிக்கொண்டே செத்தாள். அறுபதாம் வருடம் ஜூலைக் கடைசியில் அவசர காலம் முடிந்ததாக அறிவித்தபோது, காட்டிலிருப்பவர்கள் வெளியே வருவார்கள் என்று பூங்காவனம் புதுச்சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் பஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்தாள். பதின்மூன்றாம் நாள், சுவரில் இருந்த எடைகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கணவனோடு புக்கிட் ரம்பாய்க்கு வந்தாள். எண்ணும் கோடும் தவிர அவனுக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது.

அப்பாசாமி மூன்று தடவை எடை போட்டான்.

"அண்ணே, உள்ள யாரையாச்சும் ஒளிச்சி வச்சிருக்கீங்களா? இருந்தா எறக்கி வுடுங்கலா."

"பாத்துச் சொல்லு கிராணி," என்றான் பொன்னுதுரை. "அக்கா பக்கத்துல நிக்கிறாங்க. சின்ன வீட்ட ஏத்திக்கிட்டு வந்திருக்கப் போறாரு."

கணேசமூர்த்தி சிரித்தான். கூடுதல் சாமான் நிறைய இருக்கிறது, எல்லாவற்றுக்கும் எடை உண்டு, படிக்கச் சொல்லிக் கேள் என்றான். பூங்காவனம் காகிதத்தைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசித்தாள். பட்டைகள், பம்பர், சைலன்சர் குழாய், உபரி டயர், போல்ட்டு வரைக்கும். அப்பாசாமி கழித்துக்கொண்டே வந்தான். டேஷ்போர்டில் தகட்டில் அடித்திருந்த வண்டியின் சொந்த எடையையும் கழித்தான்.

"மிச்சம் எண்பத்து நாலு கட்டி நிக்குது. மெலிஞ்ச ஆளு ஒருத்தன் கனம்லா இது."

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள் பூங்காவனம்.

"எண்பத்து நாலு, அக்கா."

அவள் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த எண் அவளுக்குப் புதிதல்ல. மலேரியாவில் தம்பி பிழைத்தால் எடைக்கு எடை சீனி தருவதாக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, சீனி அளந்து கொடுத்த காலத்தில் வீடுவீடாகப் போய் ஏழு மாதம் சேர்த்தவள் அவள். ஐம்பத்தொன்றாம் வருடம் தைப்பூசத்துக்கு மறுநாள் கோயில் தராசில் ஒரு தட்டில் சுப்பையன், மறு தட்டில் சீனி. முள் நடுவில் நின்றபோது பூசாரி சொன்ன எண் அது. அடுத்த மூன்றாம் வாரம் அவன் காணாமல் போனான். கணேசமூர்த்தியும் அன்று கோயிலில்தான் இருந்தான். ஆனால் வெளியே நின்ற துரையின் ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது அவள் முன்னால் ஏறவில்லை. பின்னால் வலது பெஞ்சில், இடது பெஞ்சைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். செங் என்ற ஊரைத் தாண்டினார்கள். பிறகு, "தம்பி எந்த எடத்துல ஒக்காந்தான்?" என்று கேட்டாள். கணேசமூர்த்தி ஒரு மைல் ஓட்டினான். "எடது பக்கம்," என்றான். "கடைசில." அதற்கப்புறம் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. "மெதுவா ஓட்டுங்க," என்றாள். "அவனுக்கு வலிக்கும்."

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது இவ்வளவுதான். சோற்றைப் பற்றித் தோட்டத்துக் காவல் குழுத் தலைவனிடம் சொன்னவன் கணேசமூர்த்தி. அப்போது அவன் லாரி கிளீனர். ஸ்டியரிங் பிடிக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை கிடையாது. சொன்ன அன்றே அவனை டிரைவராகப் போட்டார்கள். முதல் ஓட்டமே அதுதான். பிடிபட்ட சுப்பையன் ஜீப்பில் ஏறும்போது "மாமா, நீங்களா ஓட்டுறீங்க?" என்று கேட்டுச் சிரித்தான், நல்ல ஆளிடம்தான் மாட்டினோம் என்பதுபோல. ஆசகானுக்கு அப்பால் தோட்டத்து எல்லையில் ஓடும் ஓடையருகே வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். கணேசமூர்த்தி என்ஜினை அணைக்காமல் நேர்முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். வெடிச்சத்தம் ஒன்று கேட்டது. திரும்பி வந்தபோது பின்னால் ஒரு ஆள் குறைந்திருந்தான். வண்டியின் கனம் குறையவில்லை. முதல் மேட்டிலேயே அவனுக்கு அது தெரிந்தது.

எடைமேடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பூங்காவனம் அழவில்லை. "எறக்கி வுடுங்க அவன," என்றாள். அவனும் இறக்கப் பார்த்தான். இடது பெஞ்சைக் கழற்றி எரித்தான். தரைத்தகட்டை அறுத்தெடுத்துப் புதுத்தகடு பற்றவைத்தான். பின் அச்சை மாற்றினான். கியர் பெட்டியை மாற்றினான். கடைசியில் சேசிஸின் பின்பாதியையே வெட்டிப்போட்டு இன்னொரு ஜீப்பின் பாதியை ஒட்டினான். அந்த ஐந்து மாதமும் வாடகைக்குப் போகவில்லை, சாப்பாட்டுக்கே இழுபறியாக இருந்தது. ஒவ்வொரு தடவை ஜாக்கியை இறக்கும்போதும் அவள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். ஒவ்வொரு தடவையும் நாலு அங்குலம். "வண்டில எதுவுமே பழசு இல்ல புள்ள," என்று அவன் கெஞ்சினான். "நீங்க இருக்கீங்களே," என்றாள்.

அறுபத்தொன்றாம் வருடம் பிப்ரவரியில் அவளே நாள் பார்த்தாள். சோறும் கருவாடும் வாழையிலையில் கட்டிக்கொண்டு, அவனோடு ஜீப்பில் அதே ஓடைக்குப் போனாள். ஓடை வற்றி, கரையில் சேறு மட்டும் இருந்தது. கணேசமூர்த்தி ஜீப்பின் பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டு, ஸ்பிரிங்கைப் பார்த்தபடி ஒதுங்கி நின்றான். பூங்காவனம் இலையை அவிழ்த்துக் கரையில் வைத்தாள். "அக்கா வந்திருக்கேன்டா," என்றாள். "பயப்படாத. எறங்கு." பிறகு பதினாறு பட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சடசடவென்று பிரிந்து, ஜீப்பின் இடது மூலை நாலு அங்குலம் எழுந்து நின்றது. பத்து வருடத்தில் அது நேராக நின்றது அன்றுதான்.

"எறங்கிட்டான்," என்றாள்.

கணேசமூர்த்தி குனிந்து பார்த்தான். அவன் கால் கணுக்காலளவு சேற்றில் போயிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கெண்டைக்கால்வரை போனது. தோள்கள் இரண்டும், யாரையோ உப்புமூட்டை தூக்கியவனுக்குப் போல முன்னால் வளைந்தன. "பூங்கா, எறங்கச் சொல்லு," என்றான். "சொல்லு புள்ள, உன் பேச்சத்தான் கேப்பான்." அவள் கொஞ்ச நேரம் அந்தக் கால்களையே பார்த்தாள். அப்புறம் இலையை எடுத்து, சோற்றை அவன் கையில் கொடுத்தாள். "தின்னுங்க," என்றாள். "அவன் பசியோட போனவன்." கருவாட்டு வாடையே ஆகாதவன் கணேசமூர்த்தி. சேற்றில் நின்றபடியே கடைசிப் பருக்கைவரை தின்றான்.

அதன்பின் அவனால் ஜீப்பு ஓட்ட முடியவில்லை. கிளட்சில் கால் வைத்தால் தரைவரை போனது. பலகை போட்ட வீட்டுத் தரை அவன் நடக்கும் இடமெல்லாம் தொய்ந்தது. தரை உடைந்துவிடும் என்று சொல்லி, பூங்காவனம் அவனைச் சிமெண்டு பூசிய கொட்டகையில் படுக்கவைத்தாள். ஜீப்பை ஓட்டப் பொன்னுதுரையை அமர்த்தினாள். ஆனால் கனம் போன ஜீப்பு மழையில் எல்லா வண்டிகளையும்போல் வழுக்கி நின்றது. துரைமார்கள் முகம் சுளித்தார்கள். கணேசமூர்த்தியைப் பின்னால் இடது மூலையில் உட்காரவைத்துப் பார் என்று யோசனை சொன்னவள் பூங்காவனம்தான். உட்காரவைத்தார்கள். சக்கரம் பழையபடி சேற்றைக் கவ்வியது. அன்றுமுதல் அதுவே அவன் வேலையாயிற்று. வெயிலோ மழையோ, வண்டி எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம், எதையும் தொடாமல் அந்த மூலையில் உட்கார்ந்திருப்பான். என்ஜின் உதறினால் அவன் விரல்கள் துடிக்கும். "நீங்க சும்மா இருங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்," என்பான் பொன்னுதுரை, வேண்டுமென்றே தப்பான கியரில் போட்டபடி.

உரிமம் புதுப்பிக்க மறுபடி புக்கிட் ரம்பாய்க்குப் போனபோது ஜீப்பின் எடை சரியாக இருந்தது. அப்பாசாமி விடவில்லை. ஷீட்டு நிறுக்கும் தராசில் கணேசமூர்த்தியை ஏறச் சொன்னான். நூற்று எழுபத்தைந்து கட்டி, இரண்டு ஆள் கனம். "ஏறிப் போற ஆளுங்க எத்தன பேருன்னு எழுதணுமேக்கா. ஒருத்தரா, ரெண்டு பேரா?" என்று கேட்டான். "ரெண்டு பேரு," என்றாள் பூங்காவனம். அப்படியே எழுதிக்கொடுத்தான். கதவிலும் அப்படியே பெயிண்டில் எழுதப்பட்டது. யாரும் அதைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது அவள் சட்டம். முள்வேலிக் கிராமத்தில் அம்மா இருந்தபோது ஊரடங்குக்காக வாசல் அடைத்த நேரம் அது. ஒருநாள் பொன்னுதுரை மனம் கேட்காமல், "அண்ணனோட தம்பியயும் சேத்துல்லக்கா கொட்டகைல பூட்டுறீங்க," என்று சொல்லிப் பார்த்தான். "வெளிய வுட்டுத்தான் ஒருக்கா தொலைச்சேன்," என்றாள் அவள். மலேசியா பிறந்த வருடத்திலும், அதற்கடுத்த வருடங்களிலும் அதுதான் நடந்தது. ஆறு மணிக்கு ஜீப்பு காஜா பேராங் முனை திரும்பும். ஒரு தட்டில் சோறும் கருவாடும் கொட்டகைக்குள் இருக்கும். கணேசமூர்த்தி பின்னாலிருந்து மெல்ல இறங்கி, சிமெண்டுத் தரையில் அடி அடியாகக் கால் எடுத்துவைத்து உள்ளே போவான். பூங்காவனம் வாசலில் நின்று கேட்பாள்.

"வந்துட்டியாடா?"

"வந்துட்டோம்," என்பான் கணேசமூர்த்தி.

அவள் தகரக் கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போவாள்.