குழிக்குள் கேட்ட சத்தம்

தலைக்கு மேல் சாட்டையைச் சொடுக்கியது போல ஒரு வெடிப்பு. வெண்டல் சங்கிலியை இழுத்தான். சட்டத்தோடு இலக்குத் தாள் அவன் நின்ற குழிக்குள் இறங்கியது. ஆயிரம் கஜத்துக்கு அப்பால் புல்மேட்டில் குப்புறப் படுத்திருந்த அவன் மனைவி ஆர்லீன் சுட்ட குண்டு, கறுப்பு வட்டத்தின் நடுவில் துளை போட்டிருந்தது.

"பத்து," என்றான் ராய்ஸ், பல் வலிக்காரன் பேசுவது போல.

மனைவியின் தாளுக்குப் புருஷன் மதிப்பெண் சொல்லக்கூடாது என்பது துப்பாக்கி மன்றத்து வழக்கம். சொல்லும் வாய் ராய்ஸுடையது; தாளை இறக்கி ஏற்றுவது மட்டும் வெண்டலுடையது. மாநிலப் போட்டிக்குப் போகும் அணியில் ஓர் இடம்தான் மிச்சம். அதற்கு ஆர்லீனோடு மல்லுக்கு நிற்பவனும் இதே ராய்ஸ்தான். காலையிலேயே சுட்டு முடித்துவிட்டான். சின்ன மன்றம், குழிக்கு வேறு ஆள் கிடையாது.

வெண்டலும் காலையில் அதே துப்பாக்கியால்தான் சுட்டான். வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. அவன் கட்சி லேசான குண்டு. குழலை விட்டுக் கிளம்பும்போது அதன் வேகத்துக்கு ஈடில்லை. ஆனால் வயோமிங் காற்று சும்மா விடுமா? இடப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய் வட்டத்துக்கு வெளியே இறக்கிவிட்டது. ஆர்லீன் கட்சி கனமான, நீளமான, கூர் மூக்குக் குண்டு. தோளில் நன்றாக உதைக்கும்.

"கிளம்புறப்ப யாரு வேகம்னு பாக்காத வெண்டல். போய்ச் சேர்றப்ப யாருகிட்ட வேகம் மிச்சமிருக்குன்னு பாரு," என்று வண்டியில் வரும்போதுகூடச் சொன்னாள்.

"பாத்துட்டுச் சொல்றேன். தோத்தவங்கதான் குளிர்காலம் முழுக்க விறகு சுமக்கணும். ஞாபகம் இருக்குல்ல?"

"உன் முதுக நெனச்சாத்தான் பாவமா இருக்கு."

போன வருடம் இதே குண்டுகளை வாங்கி வந்து பட்ட அவமானத்தை அவள் வெளியே காட்டிக்கொண்டதில்லை. காற்றை எவ்வளவு நன்றாகக் கிழிக்கும் என்று டப்பாவில் போட்டிருந்த எண்ணைப் பார்த்து மயங்கியவள், பழைய குழலுக்குள் திருகாக ஓடும் உட்புரியைப் பார்க்க மறந்துவிட்டாள். அவ்வளவு நீளமான குண்டைச் சுழற்றிவிட அந்தப் புரிக்கு முறுக்கு போதவில்லை. குண்டுகள் வழியிலேயே தடுமாறிப் பக்கவாட்டில் போய் விழுந்தன. தாளெல்லாம் சாவித்துவாரம் போல நீள நீளமாகக் கிழிசல். ராய்ஸ் அந்தத் தாளை மன்றத்துக் காப்பி இயந்திரத்துக்கு மேலே, கை எட்டாத உயரத்தில் மாட்டி, 'ஆர்லீன் வீட்டுச் சாவித்துவாரம்' என்று எழுதி வைத்தான். ஆர்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பிள்ளைகளின் கேலியைக் கேட்டுக் காது மரத்தவள். அதன் கீழே நின்றே காப்பி குடித்தாள். குளிர்காலத்தில் முறுக்குக் கூடின குழல் ஒன்றை மாட்டினாள். மிச்சக் குண்டுகளை யாருக்கும் கொடுக்கவில்லை.

மறுபடி சாட்டைச் சொடுக்கு. தாள் இறங்கியது. உருண்டையான, சுத்தமான துளை.

"இந்தச் சத்தத்தக் கேட்டியா?" என்றான் ராய்ஸ். "காலைல உன் தாளுக்கு நான்தான் சங்கிலி இழுத்தேன். உன் குண்டு வந்ததே தெரியல. கெழவன் தும்முன மாதிரி இருந்துச்சு."

வெண்டலுக்குச் சிரிப்பு வந்தது. வந்து சேரும்போதும் வேகம் மிச்சமிருக்கும் குண்டுதான் இப்படிச் சொடுக்கும். சுடுகிறவனுக்குத் தன் குண்டு போய்ச் சேரும் சத்தம் கேட்பதே இல்லை. இத்தனை காலம் கிளம்பும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு அவளோடு வாதாடியிருக்கிறான். கல் குவாரியில் வாரமெல்லாம் பாறை உடைத்த தோளைக் குழிச் சுவரில் சாய்த்துக்கொண்டான். வெயில் இதமாக இருந்தது.

கடைசிக் குண்டு பாக்கி. அது பத்தில் விழுந்தால் அணியில் அவள். ஒன்பது என்றால் ராய்ஸ். குழியின் விளிம்பில் இருந்த செடிகள் தரையோடு படுத்து எழுந்தன. காற்று அடங்கட்டும் என்று அவள் காத்திருக்கிறாள் போலும். காற்று அடங்குவதாக இல்லை.

சொடுக்கு விழுந்தது.

தாளை இறக்கிய வெண்டல் துளையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பத்தின் கோட்டுக்கு வெளியே என்றும் சொல்லலாம், கோட்டின் மேலே என்றும் சொல்லலாம். கோட்டைத் தொட்டிருந்தால் பத்து. சொல்ல வேண்டியவன் அவனல்ல.

ராய்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். குனிந்தான். விரல் நகத்தால் துளையின் ஓரத்தைத் தடவினான். காற்றில் தாள் படபடத்தது; அதை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தான். வெண்டல் எதிர்ச்சுவரில் ஊரும் எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் வீட்ல ஏணி இருக்கா?"

"எதுக்கு?"

"காப்பி மெஷினுக்கு மேல இருக்குற தாளக் கழட்டணும். ரொம்ப ஒசரத்துல மாட்டித் தொலச்சுட்டேன்." ராய்ஸ் மதிப்பெண் காட்டும் குறிவட்டை எடுத்துப் பத்துக்கான இடத்தில் குத்தினான். "என்னடா நிக்கிற, ஏத்து."

வெண்டல் சட்டத்தை இரண்டு கையாலும் மேலே தள்ளினான். வழக்கத்தைவிட மெதுவாக அது மண்மேட்டைத் தாண்டி வெயிலுக்குள் ஏறியது. கொட்டகைக்குப் பின்னால் இன்னும் பிளக்காமல் கிடக்கும் பைன் கட்டைகள் அவன் நினைவுக்கு வந்தன. உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு, தாள் காற்றில் நடுங்குவதை அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.