எதைக் கரைத்து ஊற்றுவது

டம்ளரில் போட்ட மண்ணை ஸ்பூனால் கலக்கி, தெளிந்த நீரை மட்டும் மனோகரனின் வாயில் விட்டாள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பொன்னம்மாள். வெள்ளானூரில் அவர் வாங்கிப்போட்ட மனையிலிருந்து காலையில்தான் ஆள் அனுப்பி அள்ளிவந்த மண். தண்ணீர் கடைவாயில் வழிந்தது. உயிர் போகவில்லை.

"மூணு நாளா இஸ்துகினு கீது. பால் ஊத்தியாச்சு, காசு உரசி ஊத்தியாச்சு, மண்ணும் ஆச்சு. இன்னும் இன்னா ஆசைனு நீதான் சொல்லணும் ஜெகதா. பொண்டாட்டிக்குத் தெரியாத ஆசை கீதா?"

ஜெகதாம்பாளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஆப்பிரிக்காவைக் கரைத்து வாயில் ஊற்ற முடியுமா?

பதினைந்து வருஷமாக இதே பாட்டுதான். ஞாயிறு தவறாமல், ஃபேக்டரியில் கூட வேலை பார்க்கும் பால்ராஜை உட்காரவைத்து கிராஃப் தாளில் கென்யாவை வரைவார். ரிட்டயர் ஆன மறு ஆகஸ்ட்டில் கிளம்புவதாகத் திட்டம். பாஸ்போர்ட் வந்தாயிற்று. மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குக் கிண்டி வரை போய் விசாரித்தாயிற்று. லட்சக்கணக்கான மிருகங்கள் புல்லைத் தேடி ஆற்றைக் கடக்குமாம். "மாடு பார்க்க அவ்ளோ தூரமா? ஆவடி மார்க்கெட்டுக்கு வாங்க, நான் காட்டுறேன்" என்று எத்தனை முறை நக்கலடித்திருப்பாள்! ஒரு நாளாவது முழுசாக உட்கார்ந்து கேட்டாளா, பாவி! ரிட்டயர் ஆக நான்கு மாதம் இருக்கையில் கல்லீரல் கெட்டுவிட்டது என்றார்கள். பிறகு, வீட்டுக்கே கொண்டுபோங்கள் என்றார்கள்.

வேறு வழி தெரியாமல் அவர் காதோரம் குனிந்தாள்.

"என்னங்க, வந்துட்டோம். கென்யாவுலதான் இருக்கோம். தோ பாருங்க, அந்த மாடுங்க..."

மாடா அது? அவர் ஏதோ பேர் சொல்வார். எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"கூட்டம் கூட்டமா வருதுங்க. ஆத்துல எறங்குதுங்க..."

மனோகரனின் இமை அசைந்தது. பொன்னம்மாள் அவள் தோளை இறுக்கிப் பிடித்தாள். "சொல்லு, சொல்லு. கேக்குறாரு."

இறங்கி? அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. பேச்சு அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அலுத்துக்கொண்டு சமையற்கட்டுக்கு எழுந்து போய்விடுவாள்.

"எறங்குதுங்க..." என்றாள் மறுபடியும். "எறங்கிக்கிட்டே இருக்குதுங்க..."

ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை. பொன்னம்மாள் பெருங்குரலெடுத்தாள்.

சேதி கேட்டு டூட்டி உடுப்போடு ஓடிவந்த பால்ராஜ் கட்டிலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அவர் ஓயும்வரை ஜெகதாம்பாள் காத்திருந்தாள்.

"அண்ணே, ஆத்துல எறங்குன பின்னாடி அதுங்க என்ன பண்ணும்?"

பால்ராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"கொஞ்சத்த முதலை புடிச்சிக்கும், தங்கச்சி. மிச்சமெல்லாம் அக்கரை ஏறிடும். அங்கதான் புல்லு கீது."

தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி மனோகரனின் காதை மூடியிருந்தது. ஜெகதாம்பாள் ஒரு விரலால் அதை மெல்ல விலக்கி, குனிந்தாள்.