லோகுவின் மீசையும் பவர் பேங்கும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லேத் ஓட்டும் லோகுவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆயுத பூஜையன்று மெயினை அணைத்து மெஷின்களுக்கெல்லாம் ஓய்வு கொடுப்பது அந்தக் கம்பெனி வழக்கம். "கரெண்டே இல்லாம என் லேத்துல சீரியல் லைட்டு எரியும். தீபாராதனை முடியறதுக்குள்ள அணைஞ்சா மீசைய எடுத்துடறேன்" என்று பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் பூவராகவனிடம் சவால் விட்டுவிட்டான். இருபது வருஷம் எண்ணெய் தடவி வளர்த்த மீசை, பாவம்.

பவர் பேங்கில் சொருகியதும் லேத்தைச் சுற்றிய லைட்டுச் சரம் ஜொலித்தது. அரை நிமிஷம்தான். பொசுக்கென்று அணைந்தது. பட்டனை அமுக்கினால் எரியும், அரை நிமிஷத்தில் மறுபடி தூங்கிவிடும். இத்துனூண்டு விளக்கு இழுக்கிற கரெண்டைப் பவர் பேங்க் ஒரு வேலையாகவே மதிக்கவில்லை.

சரி, அமுக்கிக்கொண்டே நிற்போம் என்று லோகு துணிந்தான். அதற்குள் பேக்கிங் சந்திரகலா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, ஸ்பேனர், சுத்தியல், பவர் பேங்க் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டாள்.

"பொட்டு வெச்ச சாமான நாளைக்கித்தான் தொடணும். இன்னா லோகு, ரேசர் வாங்கியாரட்டா?" என்றார் பூவராகவன்.

அந்த நேரம் பார்த்து ஜி.எம். வந்தார். "போன் சாகப் போகுதுப்பா. எங்க சார்ஜ் போடறது?"

பெரிய வேலை கொடுத்தால் பவர் பேங்க் தூங்காதே! லோகுவுக்கு உயிர் வந்தது. "தோ கீது சார், பவர் பேங்க். இன்னொரு ஓட்டை சும்மாத்தான் கீது. நீங்களே சொருவிக்கங்க சார்!"

ஜி.எம். கையைத் தடுக்கப் பூவராகவனுக்குத் தைரியம் ஏது? போன் ஏறியது, சரம் எரிந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், அணையவே இல்லை. கற்பூரம் ஏற்றி மணி அடித்தார்கள்.

பாதி தீபாராதனையில் போன் அடித்தது. வீட்டம்மா. "சொல்லும்மா" என்று ஜி.எம். போனைக் காதில் வைத்து, கூடவே வந்த பவர் பேங்கையும் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். சரமும் லேத்திலிருந்து சரசரவென்று உருவிக்கொண்டு, ஒரு முழம் சாமந்தியோடு அவர் பின்னாலேயே போனது.

"லைட்டு போச்சு! எட்றா மீசைய!" பூவராகவன் குதித்தார்.

"எங்க போச்சு? எரிஞ்சிக்கினுதான கீது? அணைஞ்சாத்தான் மீசை சார், நடந்தா இல்ல!"

பேசிக்கொண்டே ஜி.எம். பிரஸ் ஷாப்புக்குள் நுழைந்தார். தீபாராதனை மணி ஓய்ந்தபோது, பூவராகவனின் மெஷின் முன்னால் லோகுவின் சரம் ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.