நாற்பது தேய்ந்த தண்டுகள்

பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று முதலாளி சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்தார். இனி எந்த உதிரிப்பாகமானாலும் திரையில் வரைந்த பிறகுதான் இரும்பில் கை வைக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் வரையக் கற்காதவர்கள் இரும்பு கடையும் லேத்தைத் தொடக்கூடாது என்றார். 'கற்காதவர்கள்' என்ற பன்மை சும்மா ஒப்புக்கு. லேத் ஓட்டுகிறவர் ஒருவர்தான். முதலாளியின் அக்காள் கணவர். இருபத்திரண்டு வருடம் அதன் முன்னால் நின்றே கால் நரம்பு சுருண்டவர். அதை விட்டால் அவருக்கு உலகத்தில் நிற்க வேறு இடமில்லை.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. முதலாவது இலவசம். "ஓசியில வந்ததை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு கஸ்டமருக்குக் காட்டுறது?" என்று முதலாளி ஒதுக்கினார். இரண்டாவதில் லேத்துக்காரர் மூன்றே நாளில் ஒரு வாஷரை வரைந்து துளையும் போட்டுவிட்டார். முதலாளியின் முகம் சுண்டிப்போயிற்று.

"உங்களுக்கே புரியுதுன்னா அதுல என்ன மாமா இருக்கும்?"

மூன்றாவதில் திரை முழுக்கப் பொத்தான்கள். அதுவே தேறியது.

"மவுஸை ஏன் மாமா கோழிக்குஞ்சு மாதிரி பிடிக்கிறீங்க? செத்துறாது."

"படம் சுத்திக்கிட்டே இருக்கு மாப்ளே."

"சுத்துறது படமில்ல, உங்க தலை."

மூன்றாவது வாரம் சோப்புத் தொழிற்சாலை மானேஜர் இயந்திரத்தில் சுழலும் பழைய இரும்புத் தண்டு ஒன்றைக் கொண்டுவந்து, அதேபோல் நாற்பது கேட்டார். முதலாளி தானே காலிப்பரை எடுத்து ஒன்பது முறை அளந்தார். இரு முனையிலும் இருபத்தைந்து மில்லிமீட்டர் கனம். நடுவில் மட்டும் லேசாக ஒடுங்கியிருந்தது.

"இந்த இடுப்பைப் பாருங்க! டிசைன் பண்ணவன் மூளையே மூளை."

லேத்துக்காரர் விரலால் தடவிப் பார்த்தார். "இடுப்பில்ல மாப்ளே. பேரிங் ஓடித் தேஞ்சது."

"முதல்ல ஒழுங்கா ஒரு வட்டம் போடுங்க, அப்புறம் எனக்குப் பாடம் எடுக்கலாம். நான் வரைஞ்ச படத்துல இருக்கிறதைக் கடைஞ்சா போதும்."

கடைந்தார். எத்தனையோ வருடத் தேய்மானத்தை நாற்பது தண்டுகளிலும் இம்மி பிசகாமல் ஏற்றினார்.

தண்டுகள் போய்ச் சேர்ந்த மறுநாளே மானேஜர் வந்தார். "பழுதான தண்டு ஒண்ணு கொடுத்தேன். நாற்பதாத் திருப்பிக் கொடுத்திருக்கீங்களே, பெரிய மனசு சார் உங்களுக்கு."

"கடைஞ்சது அவர்தான்" என்று முதலாளி கை நீட்டினார்.

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அன்று மாலையே லேத்துக்காரரைப் பேக்கிங் அறைக்கு மாற்றினார்கள். வீட்டில் மனைவி தட்டைக் கழுவியபடியே, "என் தம்பி காரணமில்லாமச் செய்வானா? உட்கார்ந்து பார்க்கிற வேலை, உங்க கால் வலியாவது குறையும்" என்றாள்.

காலையில் அவர் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது முதலாளி வாசலோடு நின்றார்.

"மாமா, நடுவுல எவ்வளவு வச்சா பேரிங் கவ்விப் பிடிக்கும்?"

தெரியாது என்றிருக்கலாம். தப்பாகச் சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது.

"இருபத்தஞ்சுக்கு மேல, ஒரு மில்லியில நூத்துல ஒரு பங்கு."

முதலாளி உள்ளங்கையில் குறித்துக்கொண்டு போனார். சற்று நேரத்தில் சுவருக்கு அப்பால் அவர் போனில் பேசுவது கேட்டது: "கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சிருச்சு சார். நூத்துல ஒரு பங்கு வரைக்கும்!"

லேத்துக்காரர், இனி அப்படிச் சொல்வது முறையில்லை, பெட்டிக்காரர், அடுத்த பெட்டியை மடித்தார்.