துணைவேந்தரைத் திருத்திய அரைக்கரண்டி

எங்கள் பல்கலைக்கழகத்தின் இணையவழிக் கல்விப் பிரிவு, ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆட்கள் இரண்டே பேர்: பிரிவுக்குப் பொறுப்பாளரான நானும், எல்லோரும் ‘ஒயர்’ என்று கூப்பிடும் டெக்னீஷியனும். துணைவேந்தர் மனசு வைக்காவிட்டால் இந்த மாதத்தோடு பிரிவுக்கு மூடுவிழா. நான் பழையபடி தேர்வுத் துறைக்குப் போய் விடைத்தாள் கட்ட வேண்டியதுதான். அது போகட்டும். பகலெல்லாம் வேலைக்குப் போய்க்கொண்டே எங்கள் பாடங்களைப் படிக்கிற பிள்ளைகள் நட்டாற்றில் நிற்பார்களே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மேலிடத்தை வளைக்க நான் செய்யாத வித்தை இல்லை. கலர் கலராகப் படம் போட்டு விளக்கினேன். துணைவேந்தர் கொட்டாவி விட்டார். நிதி அலுவலரோ, “பசங்க போன்ல பாடம் படிக்கிறாங்கன்னு நம்புறீங்க பாருங்க, உங்களுக்கு வெள்ளை மனசு மேடம்” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. துணைவேந்தரிடமே திரும்பி, “ஒரே ஒரு பாடத்தை நீங்களே படிச்சுப் பாருங்க சார்” என்றேன்.

“அனுப்புங்க, பாப்போம்” என்றார்.

ஒரு காலத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவராயிற்றே என்று, இயற்பியல் பாடம் ஒன்றை ஒயரிடம் சொல்லி அனுப்பவைத்தேன்.

மறுநாள் காலை பேருந்தில் போனைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒயர் மகராசன் அவருக்குப் பார்வையாளர் கணக்குக்குப் பதிலாக, ‘புது மாணவர்’ என்று ஒரு மாணவர் கணக்கைக் கொடுத்திருக்கிறான். இவரும் பாட வீடியோவைத் தொடாமல் நேரே கேள்விக்குத் தாவியிருக்கிறார்.

பூட்டிய அறைக்குள் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா என்பது கேள்வி. ‘குளிராது, மோட்டார் சூட்டில் இன்னும் சூடாகும்’ என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, ‘அரைக்கரண்டி’ என்ற பட்டப்பெயரில் எழுதும் மாணவி பிடித்துக்கொண்டாள்:

“விடை சரி, காரணம் பாதிதான். உள்ளருந்து இழுத்த சூடு பின்பக்கமா வருதே, அதை யாரு கணக்குல சேக்கிறது? வீடியோவை முழுசா பாத்துட்டு வாப்பா.”

துணைவேந்தரைப் பார்த்து ‘வாப்பா’! எங்கள் கதை கந்தலாகிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன்.

அன்று மதியம் நடந்த கூட்டத்தில் நிதி அலுவலர் எங்கள் பிரிவை மூடுவதற்கான ஃபைலோடு தயாராக உட்கார்ந்திருந்தார். நான் முந்திக்கொண்டு எழுந்தேன்.

“சார், அது நீங்கன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. தப்பு எங்களோடது. அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க.”

“உக்காரும்மா” என்றார் துணைவேந்தர். “இந்த நாற்காலிக்கு வந்ததுலருந்து நான் எதைச் சொன்னாலும் ‘ஆமா சார்’தான். சொல்றது சரியா தப்பான்னு எனக்கே தெரியாமப் போச்சு. அந்தப் பொண்ணு சட்டுனு பாதிதான்னு சொல்லிடுச்சு. அப்புறம் உக்காந்து வீடியோவை முழுசா பாத்தேன். இழுத்த சூடும் அதே அறையோடதுதானே, அது கழிஞ்சுபோயிடும், இழுக்கிற கரண்ட்டுதான் சூடா மிஞ்சும்னு காலைல எழுதிப் போட்டேன். இன்னும் பதிலைக் காணோம்.”

பேசும்போதே மேஜைமேல் இருந்த போனைப் பார்த்துக்கொண்டார்.

நிதி அலுவலர் தொண்டையைக் கனைத்தார். “சார், இந்தப் பிரிவை மூடுற ஃபைலு...”

“மூடிட்டா அந்தப் பொண்ணு எங்கய்யா வந்து எனக்குப் பதில் சொல்லும்?”

ஃபைலை வாங்கி, ‘பிரிவு தொடரட்டும், இன்னும் இரண்டு ஆட்கள் தரவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அடுத்தது விடுதிக் கட்டடம் சார்” என்று நிதி அலுவலர் பக்கத்தைப் புரட்டினார்.

அந்த நேரம் பார்த்து மேஜைமேல் போன் சிணுங்கியது. துணைவேந்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே படித்தார்: “சரி, ஒத்துக்கிறேன். அப்போ ஃபிரிட்ஜ் போடுற சத்தம்? அதுவும் கடைசில சூடாத்தான் மாறுமா?”

“சார், கட்டடம்...”

“இருய்யா” என்றார் அவர், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு. “பொண்ணு கேள்வி கேட்டிருக்கு.”